பல்தடம் உள்ள தொட்டில்

எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. எங்கள் சங்கத் தலைவரான பல் டாக்டர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். நான் சங்கச் செயலாளர். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது என் வேலை.

பச்சைக் குழந்தைகளுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. வீட்டுக்கு வீடு பரணில் கிடப்பதை இறக்கினாலே நாலு குடும்பம் நிம்மதியாக மூச்சு விடும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். எண்ணத்தோடு நிறுத்தாமல் விதிகளும் எழுதினேன். முப்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்த கை, சும்மா இருக்குமா?

அட்டையில் எழுதி சங்க அறைக் கதவில் ஒட்டினேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, அது முதல் விதி. வேண்டுபவர் பெயரும் காரணமும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துத்தான் முடிவு செய்வோம். கடைசி விதிதான் எனக்குப் பெருமை. வாங்குபவர், கொடுத்தவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்தால் இன்னும் நாலு பேருக்குக் கொடுக்க மனசு வரும் இல்லையா?

பொருள் குவிந்தது. எல்லாரும் பிறந்த குழந்தைச் சட்டையாகவே கொடுத்தார்கள். ஒருவரும் டயப்பர் கொடுக்கவில்லை. பிரித்த பால் பவுடர் டப்பா ஒன்று, "ஒரு ஸ்பூன்தான் எடுத்தோம்" என்ற சான்றிதழோடு வந்தது. டாக்டர், பல்லே முளைக்காத பிள்ளைகளுக்கு நாற்பது பிரஷ் கொடுத்தார். நானே கடைக்குப் போய் இரண்டு பெரிய பை டயப்பர் வாங்கி வைத்தேன்.

கொடுக்க ஆள் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. முதல் வாரம் வந்தது ஒரே படிவம். கீழ்த்தளத்தில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண், மூன்று மாதக் குழந்தைக்கு டயப்பர் கேட்டிருந்தாள்.

"படம் மட்டும் வேணாமேக்கா," என்றாள்.

"இதுல என்னம்மா வெட்கம்? கொஞ்சம் சிரி."

சிரித்தாள். படம் வாட்ஸப் குழுவில் போய், முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, மொத்தமே ஒரு படிவம். நம்ம பில்டிங்ல கஷ்டப்படறவங்களே இல்ல," என்றார் டாக்டர். நான் குறித்துக்கொண்டேன்.

என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லையே. மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய்யும் இல்லை. ஐந்து மாதமாக வீட்டிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்தார். என் ஓய்வூதியத்தில்தான் மூன்று பேருக்கும் அடுப்பு எரிந்தது. புதுத் தொட்டில் விலையைக் கடையில் கேட்டுவிட்டு, சும்மா பார்க்க வந்தவள் மாதிரி வெளியே வந்தேன். மகள் கிடந்த மரத்தொட்டில் எங்கே என்று கேட்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன், நாலாம் மாடி மேனேஜரம்மா தன் பேரனுக்கு இரவல் வாங்கிப் போனார். இந்த வாரம் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அது தானாகவே வந்தது. இரண்டாவது வாரம், இரண்டு ஆட்கள் தூக்கிவர, வெள்ளை பெயின்ட் அடித்த தொட்டிலோடு மேனேஜரம்மா சங்க அறைக்குள் நுழைந்தார்.

"நல்ல மரம். ஏதாவது ஏழைப் பிள்ளைக்கு ஆகட்டும்."

மேல்கட்டையில் விரலை ஓட்டினேன். பெயின்டுக்கு அடியில் நாலு பள்ளம். பல் முளைக்கும்போது என் மகள் கடித்து வைத்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். வாயைத் திறந்தேன்; கண் கதவில் இருந்த அட்டையில் விழுந்தது. அன்று காலைதான் ஒரு டீச்சர், கொடுத்த நடைவண்டியைத் திரும்பக் கேட்டு வந்தபோது, முதல் விதியைத் தொட்டுக் காட்டி அனுப்பியிருந்தேன்.

"பெரிய மனசு உங்களுக்கு," என்றேன்.

வீட்டில் சொன்னதும் மகள் சிரித்தாள். "ஃபார்ம் போட்டா போச்சு."

"கூட்டத்துல பேரைப் படிப்பாங்கடி."

"படிக்கட்டுமே. குழந்தைய எங்கம்மா படுக்க வைக்கிறது? உன் கௌரவத்து மேலயா?"

"நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். மகளும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியில் ஒரே படிவம். பிரித்ததுமே கையெழுத்து தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே நான்தான். மடித்து இடுப்பில் செருகிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முன்வரிசையில் தையல்காரப் பெண், மடியில் குழந்தையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன்.

"என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த மாதம் குழந்தை பிறக்கும். புதிதாக வாங்க வழியில்லை. நாலாம் மாடியிலிருந்து வந்த மரத்தொட்டில் வேண்டும். அதன் மேல்கட்டையில் இருக்கும் பல்தடம் என்னுடையது. அம்மா இரவல் கொடுத்த தொட்டில். திரும்பக் கேட்கவில்லை, விதி தெரியும். விண்ணப்பம்தான் போடுகிறேன்."

பெயரையும் படித்தேன்.

மேனேஜரம்மாவின் முகம் பெயின்டைவிட வெளுத்துப்போனது. "உங்களுதா அது? ஆறு வருஷத்துல எனக்கு நெனப்பே இல்லாம போச்சு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

"விதின்னு ஒண்ணு இருக்கே," என்றேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். டாக்டர் எழுந்து போய்த் தொட்டிலைத் தடவிப் பார்த்தார். "நாலும் நல்ல வரிசை," என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். தொட்டில் எங்களுக்கு என்று முடிவானது.

"படமெல்லாம் வேணாம், விடுங்க. உங்க வீட்டு விஷயம்," என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

தலையாட்டத்தான் போனேன். தையல்காரப் பெண் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வேணாம்னப்ப நான் விடலையே," என்று என் போனை அவளிடமே நீட்டினேன். அவள் குழந்தையை என் மகள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். தொட்டிலுக்கு ஒரு பக்கம் மேனேஜரம்மா, மறுபக்கம் நாங்கள்.

"கொஞ்சம் சிரிங்கக்கா," என்றாள். அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தேன்.

மறுநாள் காலை, பெயர் படிக்கும் விதியையும் படம் எடுக்கும் விதியையும் கறுப்பு மையால் அடித்தேன். குழுவிலிருந்து தையல்காரப் பெண்ணின் படத்தை எடுத்துவிட்டேன். எங்கள் படம் இருக்கட்டும் என்று விட்டேன். கதவு எண் மட்டும் எழுதினால் போதும், பொருள் வீட்டுக்கே வரும் என்று அட்டையில் சேர்த்தேன். மாலைக்குள் ஒன்பது படிவம். ஒன்றில் டாக்டர் வீட்டு எண். அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். டயப்பர் கேட்டிருந்தார். மீதியிருந்த பையை நானே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, நம் குடியிருப்பில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்றார். நான் குறித்துக்கொண்டேன்.