சிவராஜின் நெற்றிக்காசு

என் அக்கா இருமினால் என் மச்சான் நல்லப்பன், "அதோ, என் மயில் அகவுது" என்பார். வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சொல்வார். வந்தவர்களுக்குப் புரியாவிட்டால் விளக்கியும் சொல்வார். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் குடிப்பார்கள். அக்கா தைலம்மாள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் இருப்பது அவர் வீட்டில், ஓட்டுவது அவர் வாங்கிக் கொடுத்த டாக்ஸி. அதனால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மயில் என்பது ஒரு வெள்ளிக்காசு. பர்மா ராஜா காலத்தில் அடித்தது, நடுவில் தோகை விரித்த மயில். மயில் காசு யாங்கோனில் பல பேரிடம் உண்டு. சட்டைப் பித்தானாகக்கூடத் தைத்துப் போட்டிருக்கிறார்கள். மச்சானிடம் இருந்தது வேறு மாதிரி. அடிக்கும்போது காசு நகர்ந்து அச்சு இரண்டு முறை விழுந்துவிட்டதில், அந்த மயிலுக்கு இரண்டு தலை. இப்படி இன்னொன்று இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பபேடான் கடைத்தெருவில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற மனுஷன், சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கழுவி, ஈரம் துடைத்து, அதைத் திருநீறு எடுக்கிற பக்தியோடு எடுத்துப் பார்ப்பார். அக்காவை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

கொரோனா வந்த இரண்டாவது வருஷம், மழைக்காலத்தில், அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் இடமில்லை. ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது. எங்கள் தெருவில் முன்யோசனையாக வாங்கி வைத்திருந்தவர் ஒருவர்தான், பருப்புத் தரகர் சிவராஜ். அவரும் பழங்காசு சேர்க்கிறவர். நானும் மச்சானும் போய் நின்றபோது, நீட்டிய பணத்தை அவர் தொடக்கூட இல்லை.

"பணம் எல்லார்கிட்டயும் இருக்கு நல்லப்பன். சிலிண்டர்தான் இல்ல. அந்த ரெட்டத்தல மயிலக் குடுங்க, தூக்கிட்டுப் போங்க."

மச்சான் உடனே சரி என்று சொல்லவில்லை. இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வீட்டில் அக்கா உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறாள். இவர், "நாளைக்கு வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போய்க் காசை எடுத்து வந்தார். சிலிண்டரை நான் தோளில் வைத்து நாலு மாடி ஏற்றினேன். அக்கா பிழைத்துக்கொண்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. சிலிண்டரில் பாதி மிச்சம் இருந்தது. மச்சான் அளவு காட்டுகிற முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பாதி மூச்சுக்கு முழு மயிலக் குடுத்திருக்கேன்" என்றார். மிச்சத்தோடு சிலிண்டரைத் திருப்பித் தருகிறேன், என் காசைக் கொடு என்று சிவராஜிடம் போய்க் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அது இன்றைக்கும் எங்கள் முன்னறையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஜமால் சிலிண்டரே இல்லாமல் பிழைத்த கதையை மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நாமதான் அவசரப்பட்டுட்டோம்" என்று முடிப்பார். அக்காவின் காதில் விழவேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொல்வார்.

சிவராஜும் லேசுப்பட்டவர் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை டீக்குக் கூப்பிடுவார். டீத்தட்டில் மயிலை வைத்து முன்னால் தள்ளுவார். "கட்டிக் குடுத்த பொண்ணு நல்லா இருக்காளான்னு பாத்துக்கங்க" என்பார். தொட விடமாட்டார். மானமுள்ளவன் என்றால் போகாமல் இருக்கலாம். மச்சான் ஒரு மாதம் தவறியதில்லை. பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவருக்குச் சோறு குழைந்திருக்கும், குழம்பில் உப்பு இருக்காது, அக்கா மூச்சு விடுகிற சத்தம்கூட அதிகமாக இருக்கும்.

போன மாதம் ஒரு காலையில் சிவராஜ் குளியலறையில் விழுந்து செத்துப்போனார்.

இந்த நாட்டில் காசு புழங்குவது நின்று ரொம்ப காலம் ஆகிறது. எல்லாம் நோட்டுதான். ஆனால் நம் ஆட்கள் செத்தால் நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டும். நோட்டை ஒட்ட முடியாது. அதனால் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மச்சானிடம்தான் ஆள் வரும். அதற்கென்றே ஒரு தகர டப்பாவில், ஒன்றுக்கும் உதவாத பழைய அலுமினியப் பியாக் காசுகளைப் போட்டு வைத்திருக்கிறார். அவர் செய்கிற ஒரே தர்மம் அது.

சிவராஜின் மனைவி சத்யபாமாவும் ஆள் அனுப்பினார். மச்சான் டப்பாவைக் கிளறி, ஓரம் நசுங்கிய பியா ஒன்றைத் தேடி எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

"இவனுக்கு இது போதும்."

அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

நான் சாவு வீட்டில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் மாலையோடு வந்தார். உடம்புக்குப் பக்கத்தில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவராஜின் நெற்றியில், சந்தனத்தில் பதிந்து, இரண்டு தலை மயில் இருந்தது. தலைமாட்டில் சத்யபாமா அழுதுகொண்டிருந்தார். புருஷன் சேர்த்த காசுகளில் எது பொன், எது தகரம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றே சிவராஜ் வைத்திருந்தார்.

மச்சான் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"பாத்தியா?"

"பாத்தேன். அந்தம்மாகிட்ட சொல்லிருங்க மச்சான். தெரியாம வச்சிருக்காங்க."

"உனக்கென்ன பைத்தியமா? சொன்னா எடுத்து பீரோவுல பூட்டிருவா. சிங்கப்பூர்ல இருக்குற பையன் ஏலத்துல விட்ருவான். அப்பறம் நான் எந்த ஜென்மத்துல பாக்குறது?"

"சொல்லாட்டி எரிஞ்சு போயிருமே."

"நெத்திக்காசு யாருக்குடா சேரும்? சுடுகாட்டு ஆளுக்கு. எங்க அப்பாவுக்கு வச்சத அவந்தான எடுத்துக்கிட்டான். அவனுக்கு மயிலத் தெரியுமா, காக்காயத் தெரியுமா? ரெண்டு நோட்ட நீட்டுனா குடுத்துருவான். நீ வாய மூடிட்டு இரு."

ஒரு சாவு வீட்டில் அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை. அதை மறைக்க மச்சான் ஓங்கி அழுதார். சவ வண்டியில் தலைமாட்டில் வேறு ஆளை உட்கார விடவில்லை. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் சிவராஜின் நெற்றியைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எதிரில் சத்யபாமாவின் தம்பி கணேஷ்குமார் கண்கொட்டாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இல்லாவிட்டால் காசு அப்போதே மச்சானின் பைக்குள் போயிருக்கும். என்ன சிநேகம் பாருங்கள் என்று கணேஷ்குமார் என்னிடம் மெல்லச் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

மிங்கலாடோன் போகிற வழியில், நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது சுடுகாடு. சடங்கெல்லாம் முடிந்து, வாய்க்கரிசி போட்டு, நாடிக்கட்டை அவிழ்த்தார்கள். உடம்பை எரியடுப்பின் தட்டுக்கு மாற்றும்போது தட்டு சாய்ந்து, காசு நெற்றியிலிருந்து வழுக்கியது. அங்கே வேலை செய்கிறவன் அதைத் தரையில் விழவிடாமல் உள்ளங்கையில் பிடித்தான். மச்சானின் முகம் மலர்ந்தது. பைக்குள் கை விட்டு நோட்டைத் தொட்டுக்கொண்டார்.

மச்சான் ஒன்றை மறந்துவிட்டார். அவருடைய அப்பா செத்தபோது அந்த வேலையைச் செய்தவன் நம் ஆள். இவன் பர்மாக்காரன். அவர்களுக்கு நெற்றிக்காசு கிடையாது. அவர்கள் காசை வாயில் வைப்பார்கள். செத்தவன் அக்கரைக்குப் போக அது படகுக்கூலி.

அவன் காசைப் பார்க்கக்கூட இல்லை. ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் இடுப்பு லோஞ்சியில் துடைத்தான். கட்டைவிரலால் சிவராஜின் தாடையை அழுத்தி, வாயைத் திறந்து, அரிசிக்கு நடுவே மயிலைச் செருகி, மரியாதையாக மூடினான்.

"டேய்! எடு! வெளிய எடுடா!"

மச்சான் தமிழில் கத்தி, பிறகு பர்மிய மொழியிலும் கத்தினார். அவன் பதறிப்போய்த் தட்டை மறைத்து நின்றான்.

"அதுல கை வைக்கக் கூடாது ஊலே" என்றான் பெரியவரிடம் பேசுகிற பணிவோடு. "படகுக்கூலி. அது இல்லாட்டி இவரு கரையிலேயே நிப்பாரு."

மச்சான் அவனைத் தள்ளிவிட்டுச் சிவராஜின் வாய்க்கு நேரே கையை நீட்டினார். கணேஷ்குமார் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. போனவரு போயிட்டாரு. மனசத் தேத்திக்கங்க."

இன்னும் நாலு பேர் வந்து பிடித்தார்கள். தட்டு உள்ளே போனது. கதவு இறங்கியது. அந்தச் சூட்டில் வெள்ளி என்ன ஆகும் என்று அங்கிருந்த யாரையும்விட மச்சானுக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் அவர் நிஜமாக அழுதார். இப்படி ஒரு நண்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வெளியே வந்து டாக்ஸியைத் துடைத்தேன்.

மச்சானை ஏற்றிக்கொண்டு இருட்டும்போது வீடு வந்து சேர்ந்தேன். தெருவில் மின்சாரம் இல்லை. அக்கா வாளியில் தண்ணீர் எடுத்துக் குளியலறை வாசலில் வைத்திருந்தாள். அவர் உடுத்த துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முன்னறையில் நின்றார்.

"மயிலு போயிருச்சா?" என்று கேட்டாள் அக்கா.

மச்சான் அவளையே பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"நாந்தான எடுத்துக் குடுத்தேன். அவருகிட்டயே இத்தன காசு இருக்கறப்ப எரவல் காசு எதுக்குக்கா, நல்லதா ஒன்னு எடுத்துக் குடுங்கன்னு சத்யபாமா பெட்டியத் தொறந்து வச்சா. எனக்கு அதுல ஒன்னுதான் தெரியும்."

"அடிப்பாவி!"

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ எடுத்திருப்பா. மயிலு பொழச்சிருக்கும். சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

 மச்சான் மூலையில் நின்ற சிலிண்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கே உன்ன விட்டிருக்கணும்டி. மயில வச்சுக்கிட்டு உன்ன விட்டிருக்கணும்."

நான் எழுந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். அவள் அழவில்லை. இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"இருமும்போதெல்லாம் சுத்திச் சுத்திச் சொன்னத இன்னைக்குத்தான் நேரா சொன்னீங்க. நல்லது. நானும் ஒன்னு சொல்லிர்றேன். என் நெத்திக்கும் ஒரு காசு எடுத்து வச்சுட்டேன். உங்ககிட்ட இருந்ததுதான். எதுன்னு சொல்ல மாட்டேன். நான் போற அன்னைக்குப் பாத்துக்கங்க."

மச்சான் ஈரத்தோடு பீரோவுக்கு ஓடினார். சாவியைத் திருகுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் மின்சாரம் வந்தது. தெருவே வழக்கம்போல, "மீ லா பீ!", கரண்டு வந்துருச்சு, என்று பர்மிய மொழியில் கூவியது. வெளிச்சத்தில் பார்த்தேன், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து காசு ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"ஆல்பத்துல எல்லாம் இருக்கே" என்று உள்ளிருந்து கத்தினார். "அப்ப பெட்டியில இருந்தா எடுத்த? பெட்டியில நல்லது எதுடி இருந்துச்சு?"

அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்டிகளில் தரம் பிரிக்காத காசுகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. திருடன் கையில் சிக்கிவிடும் என்று எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. அப்படியானால் அவருக்கே அருமை தெரியாமல் போன ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கிறது, அதை இவள் கண்டுபிடித்து எடுத்துவிட்டாள். அந்த எண்ணம் அவர் தலையில் ஏறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெட்டிகளைத் தரையில் கொட்டி எண்ணுகிற சத்தம் கேட்டது.

அடுப்படிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். "நெசமாவே எடுத்தியாக்கா? எத எடுத்த?"

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் சிவராஜுக்கு என்று அவர் தேடிக் கொடுத்த அலுமினியப் பியா. ஓரம் நசுங்கியிருந்தது.

"எனக்கு இது போதும்" என்றாள்.

திரும்பவும் அதை முடிந்துகொள்ளும்போது அவளுக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். நான் உள்ளே பார்த்தேன். மச்சான் மயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருமல் சத்தத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது போல, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.