ஊனா நீட்டிய கோல்

இப்போதெல்லாம் ஒருவரும் வண்டிக்குக் காத்திருப்பதில்லை. கைப்பேசியைத் தடவுகிறார்கள், வராது என்று அது சொன்னால், வராதென்று எழுந்து போய்விடுகிறார்கள். எங்கள் கோதுமை ஊர் வில்காராவுக்கோ, தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகும் ஆண்டுக்கொரு முறை ரயில் வருகிறது.

எல்லாம் ஓட்டுநர் டின்னி கீகோவின் கைப்பழக்கத்தால் வந்தது. ஒற்றைப் பாதைக்கு ஒரே ஒரு பித்தளைக் கோல். அது கையில் இல்லாமல் யாரும் சக்கரத்தை உருட்டக் கூடாது. பாதையை மூடிய அன்று கோலைத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். டின்னியோ வழக்கம்போல நிலையத்தைக் கடக்கையில் நிலைய அதிகாரி ஊனா ட்ரெலோரிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டான். கோலைக் கேட்டு வந்த தலைமை அலுவலக ஆளிடம் ஊனா சொன்னாள்: "கோல் என் கையில இருக்கிற வரைக்கும் பாதை திறந்திருக்கு தம்பி. சட்டத்த நானா எழுதினேன்?"

அவர்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த அறுவடையில் அப்படியொரு விளைச்சல்! கிடங்கு நிறைந்து மிச்சக் கோதுமை வெட்டவெளியில் மலையாகக் கிடந்தது. ஓடைப் பாலம் உடைந்ததால் லாரி வரவில்லை. மேற்கே வானம் கறுத்தது. நனைந்தால் முளைவிடும், பன்றிக்குத்தான் ஆகும். பாதிப் பண்ணைகளை வங்கி எடுத்துக்கொள்ளும், ஊனாவின் மகன் பண்ணை உட்பட.

ஊனா தொப்பியை மாட்டிக்கொண்டு நடைமேடையில் நின்று கோலை நீட்டினாள். மதுக்கடை வாசலில் ஒரே சிரிப்பு.

"ஊனாக்கா, எனக்கொரு டிக்கெட்!"

"மண்வெட்டிய எடுத்துட்டு வாடா, ஏத்திவிடறேன்."

கோதுமை அறுத்த தாளிலிருந்து கிளிக்கூட்டம் எழுந்தது. வயலுக்குள்ளிருந்து ரயில் வந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு டின்னி எட்டிப் பார்த்தான்.

"சிட்னியில மக வீட்ல ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன்டி! இப்படியா இழுப்ப?"

"மழ வருது, பேசாம பெட்டிய இந்தப் பக்கம் நிறுத்து!"

ஊரே கோதுமையை வாரி ஏற்றியது. பாதிரியார் வாரினார், கால்பந்துக் குழு வாரியது, மதுக்கடைக்காரன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தான். கடைசிப் பெட்டியை மூடியதும் முதல் துளி ஊனாவின் தொப்பியில் விழுந்தது. கோலை வாங்கிக்கொண்டு டின்னி கிளம்பினான். போச்சு, இனி அலுவலகத்தில் கொடுத்துவிடுவான் என்று ஊனா உதட்டைக் கடித்தாள். நடைமேடை முடியுமிடத்தில் கோல் பறந்து வந்து அவள் கையில் விழுந்தது. இந்த முறை கைப்பழக்கமில்லை, கண்ணடித்துவிட்டுத்தான் எறிந்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறது. விசில் கேட்டால் நாய்கள்கூட ஒதுங்கி நிற்கின்றன. நானும்தான் வாரினேன், கை கொப்புளித்தது. ஆனால் மறுநாள் குனிந்து தேடினேன். வயலில் ஒரு சக்கரத் தடம் இல்லை. தண்டவாளமில்லாமல் ரயிலாவது! இதோ, மறுபடி ஊதுகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். நான் நம்பவில்லை, வீட்டுக்குப் போகிறேன். பழைய பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறேன்.