அலமாரிப் பச்சை

பச்சை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பாக இருந்தது. தையல்காரருக்கு மண்டை காய்ந்தது.

நூலக மாடியில் ஏழு பேர் சேர்ந்து போடும் ஓவியக் கண்காட்சி, விற்பனையும் உண்டு. ஏற்பாடெல்லாம் அவர் தலையில்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நூலகர் சொல்லிவிட்டதால், ஜன்னல் கம்பிகளில் கயிறு இழுத்துக் கட்டி, திரைச்சீலைக் கொக்கிகளில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். படத்துக்கு இரண்டு கொக்கி. ஒன்றே போட்டால் மின்விசிறிக் காற்றில் படம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவருடைய சொந்தப் படம் ஒன்றே ஒன்று. பிறந்து வளர்ந்த வீட்டின் சமையலறை, நடுவில் பச்சை அலமாரி. வீட்டை இடித்த நாளில் அந்த அலமாரிக் கதவிலிருந்து உரிந்த பெயிண்ட் சில்லு ஒன்றைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அப்போது அக்கா வெளிநாட்டில். போன வருஷம் ஒரு நாள் ஃபோனில் திடீரென்று கேட்டாள்:

"டேய் வாண்டு, நம்ம அலமாரி என்ன பச்சைடா? கண்ணை மூடினா எல்லாம் வருது, அம்மாகூட வர்றா. அலமாரி மட்டும் வெள்ளையா நிக்குது."

அதற்குப் பதில்தான் இந்தப் படம். பதினொரு வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வேலையாக வேறு ஊருக்கு வந்திருந்த அக்கா, விமானம் ஏறப் போகும் வழியில் இன்று இரண்டு மணி நேரம் இங்கே இருப்பாள்.

நிறம் பொருத்துவதில் அவர் கெட்டிக்காரர். துணிக்கு நூல் பார்க்க வருகிறவர்களைக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவார். "மெஷின் விளக்கை நம்பாதீங்க. அது எல்லாத்துக்கும் தன் மஞ்சளைப் பூசிடும். வெயில்தான் பொய் சொல்லாது." சில்லையும் அப்படித்தான் வாசலில் வைத்து, அதற்கேற்பப் பச்சையைக் குழைத்தார். பிறகு, தையல் முடிந்த சாயங்காலங்களில் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தீட்டினார். அங்கே அது அச்சு அசல் அந்தச் சமையலறை.

இங்கே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் போல வெளிறிவிட்டது. சில்லைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை. இரண்டும் ஒன்றுதான், ஆனால் இரண்டுமே அந்த அலமாரி இல்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னலோரம் மாற்றினார். இன்னும் மோசம்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாஸ்டர்," என்றார், பூனைகளாகவே வரைந்து தள்ளியிருந்த பல் டாக்டர். "குளுகுளுன்னு இருக்கு. என் கிளினிக்ல மாட்டினா வர்றவங்க வலியையே மறந்துடுவாங்க. என்ன விலை?"

"அதான் டாக்டர் பிரச்சினை. எங்க சமையல்கட்டு உங்க கிளினிக் மாதிரி இருக்கு."

அக்கா வந்தாள். தலை முழுக்க நரை. நடையில் மட்டும் பழைய வேகம். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குடா."

அக்காவுக்கு ஒன்று மனசுக்குப் பிடித்தால் திட்டுவாள். மரியாதைக்குத்தான் அழகு என்பாள்.

"அந்தப் பச்சை இல்லதானேக்கா?"

"தெரியலடா. இருக்கலாம். எனக்குத்தான் மறந்துபோச்சு." கைப்பையைத் திறந்தாள், ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "இவ்ளோ வெளிச்சத்துல நம்ம சமையல்கட்டை நான் பார்த்ததே இல்ல. நமக்கு ஏதுடா ஜன்னல்? பட்டப்பகல்லயும் அந்தக் குண்டு பல்புதான். தெரியாம அணைச்சாகூட அம்மா கரண்டியோட வருவா."

அவர் படியிறங்கி ஓடினார். கடை தெருமுனையில்தான். மூச்சிரைக்கத் திரும்பியபோது கையில் மெஷின் விளக்கு, தோளில் வயர்.

"அக்கா, அந்த ஜன்னல் திரையை இழுத்து விடு. டாக்டர், டியூப்லைட்டை அணைங்க."

"என் பூனைங்க மாஸ்டர்?"

"பூனைக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். அணைங்க."

விளக்கைப் படத்துக்கு மேலே கயிற்றில் கட்டிப் போட்டார். பச்சைக்குள் மஞ்சள் இறங்கியது. வெளிறல் போய், எண்ணெய்ப் பிசுக்கும் சூடுமாக அலமாரி வந்து நின்றது.

அக்காவின் கை தானாக நீண்டது. கீழ்க்கதவின் அருகே விரல் நின்றது.

"இதுக்குள்ளதான ஒளிஞ்சுப்ப! சனியனே, எவ்ளோ நேரம்டா தேட விடுவ!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விமான நிலையம் போகும் வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"இதை அங்க கொண்டுபோய் என்னடா பண்ணுவேன்? வீடு பூரா கண்ணாடி. திரும்பின பக்கமெல்லாம் வெயில்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். படத்தைக் கழற்றித் திருப்பி, துணி அளவு குறிக்கும் கொட்டை எழுத்தில் பின்பக்கம் எழுதினார்:

'ஜன்னல் இல்லாத அறையில் மாட்டவும். டியூப்லைட் கூடாது. மேலே ஒரு மஞ்சள் குண்டு பல்பு போடவும்.'