யோசெப்பின் சிவப்புச் சட்டை

யோகராணிக்கு ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், அளவு தெரிந்துவிடும். கழுத்தில் தொங்கும் அளவு நாடா சும்மா ஒரு மரியாதைக்குத்தான். மொன்ட்ரியால் சபனெல் தெருக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில், யோசெப்பின் தையற்கூடத்தில் நாலு வருடமாக அவள் தைக்கிறாள். அவள் கைபட்ட உடுப்பு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தப் பிழை நடந்ததற்கும் அதுதான் காரணம். வேலை தெரியாத ஒருத்தி என்றால் இரண்டு தடவை கேட்டிருப்பாள்.

யோசெப் ஹங்கேரிக்காரர். ஐம்பத்தாறில் புரட்சி தோற்றபோது எல்லை தாண்டி வந்தவர். இப்போது அறுபத்தொரு வயது, கோபம் மட்டும் இருபது வயதில் நிற்கிறது. ஒரு கோணல் தையலுக்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிய மனிதர். போன வியாழக்கிழமை அவர் ஒரு பழுப்புத்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பழைய பந்தாட்டச் சட்டை. சிவப்பு உடம்பு, வெள்ளைக் காலர்.

"மதாம் யோகா, இதே மாதிரி பதினாறு சட்டை வேண்டும். காலர், கை, வெட்டு எல்லாம் இதே மாதிரி. துணி வந்து சேரும். இதை யாருக்கும் காட்டவேண்டாம். வேலை முடிந்ததும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்."

புரட்சியின் நாற்பதாம் ஆண்டுக்காக அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை ஜாரி பூங்காவில் மொன்ட்ரியால் ஹங்கேரியர்கள் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். மகன்களும் மருமகன்களும் ஓட, கிழவர்கள் கரையில் நின்று கத்துவார்கள். கிழவர்கள் அத்தனை பேரும் புடாபெஸ்டின் ஃபெரென்ட்ஸ்வாரோஷ் கழகத்துப் பைத்தியங்கள். செல்லமாக அதை ஃப்ராடி என்பார்கள். யோசெப்போ அந்தக் கழகத்தின் இரண்டாம் அணியில் மூன்று வருடம் ஆடியவர்.

போகிற போக்கில் யோகராணி தன் விஷயத்தையும் ஞாபகப்படுத்தினாள். ஆட்டம் முடிந்து வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குடும்பத்தைக் கூப்பிடுவது பற்றிக் குடிவரவு அலுவலகத்தில் அவளுக்கு நேர்முகம். புருசன் ஞானேந்திரனும் மகள் அஜந்தாவும் நாலு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் ஒற்றை அறையில் கிடக்கிறார்கள். இரண்டு தடவை பொலிஸ் வந்து ஞானேந்திரனை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பி விட்டிருக்கிறது. மூன்றாம் தடவையும் திருப்பி விடுவார்கள் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நேர்முகத்துக்கு முதலாளியின் வேலைக் கடிதம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தவணை எட்டு மாதம் கழித்துத்தான்.

"ரொறொன்ரோவில் மனைவிக்குக் கண் ஒப்பரேஷன். அடுத்த வெள்ளி பின்னேரம் வந்துவிடுவேன். சட்டைகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை துணி வந்தது. வந்தது பச்சை.

துணி வெட்டும் சிவராசா ரோலை ஒரு தட்டுத் தட்டினார். கரவெட்டி ஆள், ஐம்பது வயது. பேச்சு நீளம், கத்தரி சுத்தம்.

"என்ன பிள்ளை, பச்சையெல்லோ வந்திருக்கு? ஒருக்கால் மனிசனுக்குப் போன் எடுத்துக் கேளன்."

"போன மாசம் நூல் நம்பர் கேட்டதுக்கே என்ன பேச்சுப் பேசினவர் எண்டு மறந்துபோச்சோ அண்ணை? அதுவும் இப்ப ஆஸ்பத்திரியில நிக்கிற மனிசன். கடைக்காரன் மாத்தி அனுப்பிப்போட்டான். கிறிஸ்மஸ் உடுப்புக்கு வெட்டி மிஞ்சின சிவப்பு கிடக்குத்தானே? அதை எடுங்கோ."

பச்சை ரோல் மூலைக்குப் போனது. யோகராணி பழைய சட்டையை விரித்து வைத்துத் தையல் தையலாகப் பார்த்தாள். நெஞ்சின் இடப்பக்கம் வட்டமாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகள் இருந்தன. ஏதோ ஒரு சின்னத்தை யாரோ அவசரமாகப் பிய்த்தெடுத்திருக்கிறார்கள். துணிக்கு நோகாமல் நூலை வெட்டத் தெரியாத கை. அவளுக்கு அந்தக் கைமேல் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வியாழன் மாலைக்குள் பதினாறு சட்டையும் முடிந்தன. சொந்தப் பிள்ளைக்குத் தைத்ததுபோல அச்சொட்டாக வந்திருந்தன. அவள் பழையதை லாச்சியில் வைத்துப் பூட்டினாள். அந்த லாச்சி இலேசில் திறக்காது. பூட்டைத் திறந்தபிறகும் கீழே ஒரு உதை கொடுத்தால்தான் அசையும்.

வெள்ளி காலை பத்து மணிக்கு யோசெப்பின் சிநேகிதர் கிறகரி வந்தார். மொன்ட்ரியால்-நோரில் பாண் சுடும் பேக்கரி வைத்திருக்கும் பெரிய உடம்புக்காரர். கையில் ஒரு பிஸ்கட் டின். சட்டைகளில் தைக்கவேண்டிய கழகச் சின்னங்களை ரொறொன்ரோவில் செய்வித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பொன்ஜூர்" என்று பாடிக்கொண்டே நுழைந்தவர் கம்பியில் தொங்கிய பதினாறு சட்டைகளையும் கண்டார். பாட்டு நின்றது. முகம் பாண் மாவு மாதிரி வெளுத்தது.

"இது என்ன?"

"சட்டைகள், முசியே."

"சிவப்பு! யார் சொன்னது சிவப்பென்று?"

கிறகரி டின்னைத் திறந்து ஒரு சின்னத்தை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஐந்து பச்சைக் கோடுகள், நடுவே நாலு வெள்ளைக் கோடுகள்.

"எண்ணிப் பார். ஒன்பது. நாங்கள் புடாபெஸ்டின் ஒன்பதாம் வட்டாரம். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதிலிருந்து பச்சையும் வெள்ளையும். ஐம்பதாம் ஆண்டில் அரசாங்கம் எங்கள் பெயரைப் பிடுங்கிக்கொண்டு வேறு பெயர் வைத்தது. நிறத்தையும் பிடுங்கிச் சிவப்பைப் போட்டது. ஆறு வருடம்! என் அப்பா உள்பையில் பச்சைக் கைக்குட்டையை மறைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார். அந்த அசிங்கத்தை நீ பதினாறு தடவை தைத்து வைத்திருக்கிறாய்!"

அவரது பிரெஞ்சு அவளுக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே தாராளமாகப் போதும். அவளுடைய கை தானாக லாச்சிப் பக்கம் போனது. திறந்து காட்டினால் தீர்ந்தது. இதோ, உங்கள் ஆள் தந்த மாதிரி.

"யோசெப் இதைப் பார்த்தால் செத்துப்போவான்" என்றார் கிறகரி. குரல் இறங்கியிருந்தது. "ஃப்ராடி சட்டையை உடம்போடு சுற்றிக்கொண்டு எல்லை தாண்டியவன் அவன். அந்தப் பச்சைச் சட்டையை நினைத்துத்தான் நாற்பது வருடமாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாங்கள் கோப்பை உயர்த்துகிறோம். யாருக்கும் காட்டமாட்டான். தொட்டால் கிழிந்துவிடும் என்பான்."

யோகராணியின் கை அந்த இடத்திலேயே நின்றது.

ஐம்பத்தாறுக்கு முன் யோசெப் ஆடிய மூன்று வருடமும் சிவப்பு வருடங்கள். அரசாங்கம் வைத்த சின்னத்தைப் பிய்த்திருக்கிறார், நிறத்தைப் பிய்க்க வழியில்லை. நாற்பது வருடம் ஒளித்து வைத்ததை, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில் இவளிடம் தந்திருக்கிறார். ஃப்ராடி என்றால் பச்சை என்பது அவருக்குச் சூரியன் கிழக்கில் உதிப்பது மாதிரி. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று விட்டிருக்கிறார்.

கொழும்பில் இருந்த ஒரு மாதமும் தமிழச்சி என்று தெரியாமலிருக்க நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் நடந்ததை அவளும் இங்கே யாருக்கும் சொன்னதில்லை.

"என்னுடைய பிழை, முசியே" என்றாள்.

சிவராசா கத்தரியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "உனக்கென்ன விசரே? அந்தாள் தந்த சட்டையை எடுத்துக் காட்டு பிள்ளை! திங்கக்கிழமை என்ன செய்யப்போறாய்? அஜந்தாவை யோசிச்சனியோ?"

"யாருக்கும் காட்டவேண்டாமெண்டு சொன்னவர் அண்ணை. நீங்களும் வாய் திறக்கப்படாது. என்ர தலையில அடிச்சுச் சத்தியம்."

அது பரிதாபமா, பயமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காட்டிக்கொடுத்தால் அந்த மனிதர் கையெழுத்துப் போடுவாரா? காட்டாவிட்டால் மட்டும் போடுவாரா? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சுவர்தான்.

அவர் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. பச்சை ரோலை மூலையிலிருந்து இழுத்துப்போட்டு வெட்டச் சொன்னாள். கிறகரி கதவடியில் கதிரையைப் போட்டு, திருடிக்குக் காவல் இருப்பவர்போல உட்கார்ந்துவிட்டார். யோகராணி மெஷினில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். அஜந்தாவை விமான நிலையத்தில் விட்டு வந்தபோது பிள்ளைக்கு எட்டு வயது, தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்த கையை விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே நாலு சட்டை முடித்தாள்.

இரண்டு மணிக்கு லிஃப்ட் கதவு திறந்தது. யோசெப் வந்தார், கையில் பயணப்பை, முகத்தில் தூக்கமில்லை. கிறகரி எழுந்து ஹங்கேரிய மொழியில் பொரிந்து தள்ளினார். ஒரு சொல்லும் யோகராணிக்கு விளங்கவில்லை. விரல் சட்டைகளைக் காட்டியது, பிறகு அவளைக் காட்டியது.

யோசெப் சிவப்புச் சட்டைகளைப் பார்த்தார். ஒன்றின் காலரைத் தொட்டார். அவர் காது நுனிவரை இரத்தம் ஏறுவதை அவள் கண்டாள்.

"மதாம் யோகா, யார் சொல்லி?"

"என்னுடைய பிழை, முசியே. பச்சைத் துணியைக் கடைக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன்." பிறகு மெல்லச் சொன்னாள்: "லாச்சி பூட்டித்தான் இருக்கிறது."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதையும் அவள் கண்டாள். ஒரு சொல் சொன்னால் போதும். அவர் யன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இன்றைக்கே அனுப்பிவிடு" என்றார் கிறகரி, அவளுக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில்.

கீழே தெருவில் லொறி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. யோசெப் திரும்பாமலே சொன்னார்: "உங்கள் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மதாம் யோகா."

சிவராசாவின் வாய் திறந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள், அது மூடியது. கோட்டை மாட்டினாள். ஒரு கைக்குள் கை நுழையவில்லை, அப்படியே தொங்கவிட்டாள். சாவியை மேசையில் வைத்தாள். எதைச் சொல்லி ஞானேந்திரனுக்குப் போன் எடுப்பது? கடிதம் கிடைச்சிட்டுதோ என்றுதான் மனிதன் முதலில் கேட்பான். யோசெப்பின் மேல் அப்போது அவளுக்கு வந்தது பரிதாபம் அல்ல, பச்சைக் கோபம். கோழை! நாற்பது வருடத்துக் கோழை!

லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவசரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. நாலு, மூன்று, இரண்டு என்று கீழே போய்க்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. லாச்சிக்கு விழுந்த உதை.

திரும்பியபோது யோசெப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டையை மேசையில் விரித்தார். விரித்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றார். கிறகரி சட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார்.

யோசெப்பும் பிரெஞ்சில்தான் பேசினார். "இவள் பிழை விடவில்லை. நான் தந்ததைத் தைத்தாள். எனக்கு இருந்தது இந்த ஒரு சட்டைதான், கிறகரி. நான் அடித்த பதினொரு கோலும் இதில்தான். பச்சையும் பெயரும் திரும்பி வந்த கிழமை நான் எல்லையில் சேற்றுக்குள் படுத்திருந்தேன். பச்சைச் சட்டையை நான் ஒரு நாளும் போட்டதில்லை."

கிறகரியின் பாண் பிசைகிற தடித்த விரல் மெல்ல நகர்ந்து நெஞ்சிலிருந்த ஊசித் துளைகளில் போய் நின்றது. வட்டமாக ஒரு சுற்றுத் தடவியது. நாற்பது வருடமாக உயர்த்திய கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறாரோ என்னவோ.

பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "இன்னும் எத்தனை பச்சை தைக்கவேண்டும்?" என்றார். "எனக்குத் தைக்கத் தெரியாது. இஸ்திரி போடுவேன்."

யோகராணி அரைகுறையாக மாட்டிய கோட்டோடு அப்படியே மெஷினில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிவராசா வெட்ட, அவள் தைக்க, கிறகரி ஆவி பறக்க இஸ்திரி போட, யோசெப் பொத்தான் வைத்தார். இரவு பத்து மணிக்குப் பதினாறு பச்சைச் சட்டை கம்பியில் தொங்கின, நெஞ்சில் சின்னத்தோடு. டின்னில் ஒரு சின்னம் மிஞ்சியிருந்தது. கைகாவலுக்கென்று கூடுதலாகச் செய்வித்தது. கிறகரி அதை எடுத்துச் சிவப்புச் சட்டையின் துளைகளுக்குமேல் வைத்தார்.

"இதற்கும்" என்றார்.

பச்சைக்கும் சிவப்புக்கும் ஒத்துவராதுதான். ஆனாலும் அவள் கையாலேயே தைத்தாள், ஊசி பழைய துளைகளிலேயே இறங்க. யோசெப் தட்டச்சு மெஷினில் இரண்டு விரலால் கடிதத்தை அடித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். தாளை இரு கையாலும் நீட்டினார். மன்னிப்பு என்று வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று அங்குமிங்கும் பார்த்தார்.

"பச்சைத் துணி மிச்சம் கிடக்கிறது. உங்கள் மகளுக்கும் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு என்ன அளவு?"

ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லும் யோகராணி கையை இடுப்புக்கு நேரே பிடித்தாள். அது எட்டு வயது. கையை நெஞ்சுக்கு உயர்த்தினாள். பிறகு தோளுக்கு. கை அங்கேயும் நிற்கவில்லை.

"தெரியாது, முசியே" என்றாள். பிறகு சிவராசாவின் பக்கம் திரும்பினாள். கடிதம் நனைந்துவிடக்கூடாது என்று அதைத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"பெரிசாவே வெட்டுங்கோ அண்ணை. பிள்ளை வந்தாப்போலை அளவுக்குப் பிடிச்சுத் தைச்சுக் குடுக்கிறன்."