பட்டையின் மறுமுனை

வேரா பனியில் மண்டியிட்டு, பனிவாரியின் பிடியைத் தகட்டுக்குள் செருக முயன்றுகொண்டிருந்தாள். செருகியதும் ஒரு சின்னப் பித்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் கடிகாரத்துடன் பக்கத்தில் நின்றேன். பயிற்சிக்காகப் புதைத்து வைத்திருந்த பை கிடக்கும் இடத்தை, அதற்குள்ளிருந்த கருவி எழுப்பிய சமிக்ஞையைக் கொண்டு இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் மூவரில் அதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. அதன்பிறகுதான் இது. பிடி தகட்டின் விளிம்பில் தட்டித் தட்டி விலகியது. அவளுடைய வலது கட்டைவிரல், வேறு யாருடையதோ போலத் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“கையுறை வழுக்குது” என்று அதைக் கழற்றினாள். அதன்பிறகு நான் கடிகாரத்தை மட்டுமே பார்த்தேன்.

பையை அவள் வெளியே இழுத்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு பிப்ரவரியும் பனிச்சறுக்குக்காக இந்த மரக்குடிலுக்கு வந்து சேர்ந்த அன்றே, ஒயின் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், இந்தப் பயிற்சியை முடித்துவிடுவோம். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் மற்ற இருவரையும் விட்டால் வேறு ஆளில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் அடியில் இருந்தவர் உயிரோடு வருவது அரிது. இது மூவருக்கும் தெரியும். தெரிந்ததால் பேசுவதில்லை.

டங்கன் ஓடையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீருடன் ஏறி வந்தான். “எவ்வளவு?”

“ஏழு” என்றேன்.

“ஏழா! கிழவியாயிட்ட வேரா. நான் மட்டும் அடியில கிடந்திருந்தா, நீ தோண்டி முடிக்கறதுக்குள்ள என் டிரக்கை எவனாவது வித்துத் தின்னிருப்பான்.”

“அந்த ஓட்டை டிரக்கை எவன்டா வாங்குவான்?” என்று வேரா சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

மாலையில் அவள் வீட்டிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த போர்ஷ் சூப்பை விறகடுப்பில் உருக்கினாள். முட்டைக்கோசும் க்ரீமும் வெண்ணெயும் மணந்தன. எல்லாக் கிண்ணங்களையும் பாதிதான் நிரப்பினாள். தன் கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்காமல் குனிந்து குடித்தாள். போன இலையுதிர் காலத்தில், முப்பது வருடம் உதவியாளராக இருந்த பல் மருத்துவமனையை அவள் திடீரென்று விட்டது நினைவுக்கு வந்தது. “ஊரான் வாய்க்குள்ள எட்டிப் பாத்தது போதும்” என்றாள். நாங்கள் சிரித்தோம். யாரும் மேலே கேட்கவில்லை. நண்பர்களின் மௌனத்தை மதிப்பதாக நான் எப்போதும் பெருமைப்பட்டிருக்கிறேன். அது வெறும் சோம்பலோ என்று அன்று முதன்முறையாகத் தோன்றியது.

நான் ஏன் ஏழு என்றேன்? ‘வருஷத்துல இந்த ஒரு வாரம்தான் நான் நானா இருக்கேன்’ என்று அவள் ஒருமுறை சொன்னது காரணமாக இருக்கலாம். பதினான்கு என்ற எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த வாரம் அத்தோடு முடிந்திருக்கும். நான் புதைந்தால் பரவாயில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் எதிரே டங்கன் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். புதைவது அவனாகவும் இருக்கலாம். அவனிடம் கேட்காமலேயே அவனுடைய ஏழு நிமிடங்களை நான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

காலையில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி டங்கன் நின்றான். ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனோம். எங்கள் நெஞ்சில் கட்டியிருந்த சமிக்ஞைக் கருவிக்கு அவனுடையது பதில் ஒலித்ததும் தலையாட்டி அனுப்பினான். ஸ்கீகளின் அடியில் ஒட்டிய ரோமப் பட்டைகள் பனியைப் பற்ற, மூன்று மணி நேரம் ஏறினோம். முகட்டை அடைந்தபோது வடக்குப் பக்கம், நாங்கள் கிண்ணம் என்று அழைக்கும் பெரிய பள்ளம் விரிந்து கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக மேலிருந்து பார்த்து, பனி சரியில்லை என்று திரும்பிப் போன சரிவு. டங்கன் குழி தோண்டி, பனியின் அடுக்குகள் உறுதியா என்று தட்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் கல்யாண வீட்டுக்காரன் முகம் போலிருந்தது.

இறங்குமுன் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், சரி அல்லது வேண்டாம். ஒருவர் வேண்டாம் என்றாலும் மூவரும் திரும்ப வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அன்றும் சரி, என்றைக்கும் சரி. டங்கன் நான்கு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். வேரா இரண்டு முறை. நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரஸ்ஸுக்கு அந்த வார்த்தையே தெரியாது என்று என்னைக் கேலி செய்வார்கள்.

“சரி” என்றான் டங்கன்.

“சரி.” வேரா சற்று வேகமாகவே சொன்னாள்.

“வேண்டாம்” என்றேன்.

டங்கன் கிண்ணத்தை இன்னொரு முறை பார்த்தான். “சரி விடு. கிண்ணம் எங்க ஓடிரப் போகுது? ஆனா இன்னிக்கு உன் பங்கு ஒயின் எனக்குத்தான்டா.” ஏறிவந்த பக்கத்து மரங்களுக்குள் முதல் ஆளாக இறங்கிப் போனான்.

வேரா நகரவில்லை.

“எனக்காகச் சொன்னியா?”

“காரணம் கேக்கக் கூடாது.”

“ஏழுன்னியே, அதுக்கும் அப்படியா?”

“அது தப்பு” என்றேன்.

“ரெண்டுமே தப்பு ரஸ். நீ எனக்காக இப்படிச் சொல்ற அளவுக்கு நான் விட்டுட்டேன் பாரு.” குரலில் கோபமில்லை. கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு போனாள். மரங்களுக்கிடையே அவள் வளைந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால்களுக்குக் கையின் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. தண்ணீர் இறங்குவது போல இறங்கினாள்.

அடிவாரத்திலிருந்து குடில் இருந்த மேட்டுக்கு ஏற மறுபடி பட்டைகளை ஒட்ட வேண்டியிருந்தது. முகட்டில் அவற்றைக் கழற்றி, பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருந்தோம். டங்கன் தன்னுடையதன் ஒரு முனையைப் பல்லால் கடித்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பிரித்தான். நான் வேராவுக்காகக் கையை நீட்டப் போனேன். அவள் என்னைக் கடந்து போய் அவன் முன்னால் நின்று, இரண்டு கையுறைகளையும் கழற்றிப் பனியில் போட்டாள்.

“டங்கன்.”

“என்ன ராணியம்மா?”

“நேத்து ஏழு நிமிஷம் இல்ல. பதினாலு.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குளிரில் சிவந்து, யாரும் கேட்காமலேயே ஆடிக்கொண்டிருந்த அவள் வலது கையைப் பார்த்தான். வழக்கமான கேலி ஒன்று அவன் உதடுவரை வந்து திரும்பிப் போனது.

அவள் மடித்த பட்டையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். “பிடி.”

அவன் பிடித்தான். மறுமுனையை அவள் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இருவரும் ஸ்கீகளை அழுந்த ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். நடுவில் பசை இறுக்கமாகப் பற்றியிருந்தது. பிறகு, விரற்கடை விரற்கடையாக, ஈரத்துணி கிழிவது போன்ற சத்தத்துடன், அது விடத் தொடங்கியது.