எல்லாம் வயசுதான்

கண்டக்டரம்மாவின் தம்பிக்கு எழுபது வயது. கண்டக்டரம்மாவுக்கு எழுபத்தாறு. இந்தச் சின்னக் கணக்கு மட்டும் தம்பியின் மண்டையில் கடைசிவரை ஏறவே இல்லை.

அவன் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா, வயசு. ஊசிக் காதில் நூல் நுழையவில்லையா, வயசு. ஒருத்தருக்குத் தைத்த சட்டையில் ஒரு கை குட்டையாகவும் இன்னொரு கை நெட்டையாகவும் போனதற்கும் அதையேதான் சொன்னான். சட்டைக்காரர் பாவம், ஒரு பெரியவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டு, நெட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார்.

"நல்ல பொழப்புடா," என்றாள் அக்கா. "தப்பு நீ பண்ணுவ, மன்னிப்பு அவன் கேக்கணும்."

பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள் அவள். தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது, கண்டக்டரம்மா என்றால்தான் தெரியும். அவளுக்கும் ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையைத் திட்டிக்கொண்டே விழுங்குவாள், ஆனால் விழுங்கிவிடுவாள். காதில் மெஷின் உண்டு. கேட்கப் பிடிக்காத பேச்சு வந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். தினமும் சாயங்காலம் இரண்டு தெரு நடந்து தம்பி வீட்டுக்குப் போய், ஒரு டீ குடித்து, அவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத் திரும்புவாள். அந்தத் திட்டு இல்லாவிட்டால் அவனுக்கும் பொழுது போகாது. அவள் கொஞ்சம் தாமதித்தால் போதும், அக்காவை ஏன் இன்னும் காணோம் என்று பெண்டாட்டியைப் பிய்த்து எடுத்துவிடுவான்.

காலைப் பற்றி டாக்டர் சொல்லாமல் இல்லை. சர்க்கரை இருக்கிறது, காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, சிகரெட்டை விடுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், வலிக்கும்வரை நடங்கள், வலித்தால் நில்லுங்கள், விட்டதும் மறுபடி நடங்கள் என்று கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தம்பி வீட்டுக்கு வந்து, அந்தப் பையனுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை, வயசானவன் உடம்பு எப்படி இருக்கும் என்று அவனுக்கு என்ன தெரியும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு. சிகரெட்டை இந்த வயசில் விட்டு என்னத்தைச் சாதிக்கப் போகிறோம் என்று அதுவும் நீடித்தது. நடக்கிற விஷயத்தில் மட்டும் சொந்தமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். எந்த இடத்துக்குப் போனால் கால் வலிக்கிறதோ அந்த இடத்துக்குப் போவதையே நிறுத்திவிடுவது. முதலில் சந்தை போயிற்று. அப்புறம் நூல் கடை. அப்புறம் தெருமுனை டீக்கடை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த கூட்டாளிகள் இவன் வாசலுக்கே வரத் தொடங்கினார்கள்.

இரண்டு பேர். ஒருவர் வாட்ச் கடைக்காரர், முழங்கால் வீக்கம். இன்னொருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், மூச்சிரைப்பு. மூன்று பேரும் சேர்ந்து வியாதியைப் பேசுவதைக் கேட்டால், பெரிய உத்தியோகத்தில் இருந்து வாங்கிய பதக்கங்களைத் துடைத்துக் காட்டுவதுபோல இருக்கும். ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியாது என்றால் அடுத்தவருக்கு வாசற்படியே ஏற முடியாது. எல்லாம் தேய்மானம்தான், ஒன்றும் செய்வதற்கில்லை என்று வாட்ச் கடைக்காரர் முடித்துவைப்பார்.

"தேஞ்ச வாட்ச் உங்க கடைக்கு வந்தா வயசாயிருச்சுன்னு திருப்பிக் குடுத்துடுவீங்களா?" என்று ஒருநாள் கண்டக்டரம்மா கேட்டாள்.

அது வாட்ச் என்றார் அவர், சற்றும் கூச்சமில்லாமல்.

இவர்களையாவது விட்டுவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் மோசம். அவன் நாற்காலியிலிருந்து எழ நினைப்பதற்குள் தண்ணீர் கைக்கு வரும். செருப்பு காலுக்கு வரும். கீழே விழுந்த பித்தானை மருமகள் ஓடிவந்து பொறுக்குவாள். இத்தனையும் மரியாதை. நல்லெண்ணத்தோடு ஒரு மனுஷனை எப்படி முடமாக்குவது என்று யாராவது கற்றுக்கொள்ள விரும்பினால் அந்த வீட்டு முன்னறையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். "அவர எழுப்பாதீங்க அண்ணி, வயசானவரு," என்பாள் தம்பி பெண்டாட்டி. சொல்லிவிட்டு, ஈரத்துணி நிறைந்த வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவாள். அவளுக்கும் அவனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அந்த வீட்டில் ஆம்பளைக்கு மட்டும்தான் வயசாகும்போல.

பஸ்ஸில் சில பேர் உண்டு. இறங்கும் இடம் வர இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே எழுந்து போய்ப் படியில் தொங்குவார்கள். உள்ளே இடம் காலியாகக் கிடக்கும். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார்கள். தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் கண்டக்டரம்மாவுக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

ஒருநாள் அவனும் விடவில்லை. "உன் காது மட்டும் என்னக்கா? அது வயசு இல்லையா?"

"வயசுதான். யார் இல்லன்னா? அதுக்காக ஊமையாட்டம் கையக் காட்டிட்டுத் திரியறேனா? மெஷின் வாங்கி மாட்டிக்கல? வயசு வரட்டும்டா. வந்தா மாத்திரை போடக் கூடாதுன்னு எந்த வயசு வந்து உன்கிட்ட சொல்லுச்சு?"

அவன் சிரித்தான். அவள் திட்டினால் அவனுக்குச் சிரிப்புதான் வரும். அதுதான் வம்பு.

கோடை வந்தது. ஃபேன் காற்றே சுடுகிற நாட்களில் தம்பி ஒற்றைக் காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொன்றைத் தைக்கக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச் கடைக்காரருக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கேட்டவளும் தன் கேலி தனக்கே பிடித்துப்போன திருப்தியில் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். டீ வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை. நெரிசல் பஸ்ஸில் அவள் முகராத நாற்றம் கிடையாது. மீன் கூடை, வாந்தி, ஈரக் கோணி, சாராயம் என்று எல்லாம் தெரியும். இது அதில் எதுவும் இல்லை.

"சாக்ஸைக் கழட்டு."

ஒன்றுமில்லை, சின்னப் புண், வயசானால் ஆற நாளாகும் என்றான் அவன். அவள் திரும்பச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து அவளே உருவினாள். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் அணைந்த திரிபோலக் கறுத்துக் கிடந்தது.

தம்பி பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விவரம் சொன்னாள். துணி வெட்டுகிற பெரிய கத்திரி காலில் விழுந்ததாம். போன மாதம். விழுந்ததே அவனுக்குத் தெரியாதாம், ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

"வலிக்கவே இல்லன்னாரு அண்ணி. வயசானவங்களுக்கு வலி கொஞ்சம் கம்மியாத்தான் தெரியுமாம்."

"யாரு சொன்னது?"

"இவருதான்."

கண்டக்டரம்மா திட்டவில்லை. போய் வண்டி பிடி என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டாமல் இருந்ததில்தான் தம்பிக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டர் தலை முழுக்க நரைத்த பெண். மீசை முளைக்காத பையன் என்று இவரைச் சொல்ல வழியில்லை. தம்பியின் வாதத்தில் பாதி அங்கேயே படுத்துவிட்டது. அவர் காலைப் புரட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். விரலை எடுத்தாக வேண்டும். குழாயில் இருக்கும் அடைப்பை நீக்கிவிடலாம். அதற்கப்புறம் பாதம் நிற்பதும் போவதும் நடையில் இருக்கிறது. மாத்திரை போடாமல், நடக்காமல், புகையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த தடவை கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டியிருக்கும்.

"வயசான காலத்துல நடக்கச் சொல்றீங்களே டாக்டர்," என்றான் தம்பி.

"வயசுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க ஐயா. உங்களுக்கு இருக்கிற வியாதிக்கு இருக்கு. எது வேணும்?"

விரல் போயிற்று. அடைப்பு நீங்கியது. புண் ஆறி, செருப்புப் போடலாம், இனி நடக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தார்கள். முன்பு வெறும் வயசானவர், இப்போது ஆபரேஷன் ஆன வயசானவர். மரியாதை இரண்டு மடங்கு. நாளைக்கு நடக்கிறேன் என்றான். வெயில் தாழட்டும் என்றான். மழை விடட்டும் என்றான். கூட்டாளிகள் இருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். டாக்டர் சொன்ன கணுக்கால் கண்டக்டரம்மாவின் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் தினமும் வந்து தொண்டை வற்றத் திட்டினாள். அவன் மெத்தையில் சாய்ந்து, பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. தண்ணீரும் செருப்பும் கைக்கு வருவதைப் போல அவளுடைய திட்டும் தினமும் இவனைத் தேடி வருகிறது. ஊரையெல்லாம் குறை சொன்னவள், அந்த நாற்காலிக்குத் தானும் ஒரு மெத்தை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாளையிலிருந்து நான் வர மாட்டேன். என் வாய் வேணும்னா என் வீட்டுக்கு நடந்து வந்து வாங்கிக்க."

"என்னக்கா இது, சின்னப் பிள்ளையாட்டம்."

"வண்டியில வந்தா கதவு திறக்க மாட்டேன்."

மறுநாள் சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தம்பி பெண்டாட்டி போன் செய்து, அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார், ஒரு எட்டு வந்துவிட்டுப் போகக் கூடாதா அண்ணி என்று கெஞ்சினாள். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக் கண்டக்டரம்மா வைத்துவிட்டாள். நன்றாகக் கேட்டது. சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர் கேன் போட வந்தவரையும் எதிர்வீட்டுப் பூனையையும் திட்டிப் பார்த்தாள். ருசிக்கவில்லை. இவனுக்கு அக்கா வேண்டாம், நாற்காலிதான் வேண்டும் என்றால் என்ன செய்வது என்ற நினைப்பு ஊசிபோலக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தெருமுனையில் தம்பி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெண்டாட்டி, கையில் ஒரு ஸ்டூல்.

கண்டக்டரம்மா ஜன்னலைத் திறந்தாள். ஓடும் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை எட்டிய குரல் அது, தேய்மானம் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"ஏம்மா, அந்த ஸ்டூலைத் திருப்பிக் கொண்டு போ. அவன் நிக்கட்டும்."

நின்றான். வலி விட்டதும் நடந்தான். பிறகு ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வரலாமா என்று அவள் கால் துடித்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவன், உன் தெரு இவ்வளவு நீளமா என்றான். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வாரத்துக் குவியலையும் அவன் தலையில் கொட்டினாள். அவன் டீயைக் குடித்தபடி ஆனந்தமாகக் கேட்டான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். மாதங்கள் போகப் போக நின்ற இடங்கள் குறைந்தன. சிகரெட் சட்டைப் பையிலிருந்து மேஜைக்குப் போய், அங்கிருந்தும் ஒருவழியாகத் தொலைந்தது. மாத்திரை டப்பாவை அக்கா முன்னால் திறந்து காட்டிவிட்டுத்தான் டீ. நரைத்த டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு வந்துவிட்டது, இது நிற்கும் என்றார்.

ஒரு மாலை தம்பியோடு கண்டக்டரம்மாவும் அவன் வீடுவரை நடந்து வந்தாள். வாசலில் கூட்டாளிகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் முன்னைக்கு இப்போது தேவலையே, எப்படி என்று வாட்ச் கடைக்காரர் விசாரித்தார்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்கு என்ன தோணுதுன்னா, வயசு பூரா அந்த விரல்லதான் போய் நின்னிருக்கு. அதை எடுத்துட்டாங்க பாரு, உடம்பு லேசாயிருச்சு."

கண்டக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையில நிக்கிறதையும் எடுக்கச் சொல்லியிருக்கணும். அன்னைக்கு அவசரத்துல விட்டுப்போச்சு."

அவன் சிரித்துக்கொண்டே, பிடிமானம் ஏதும் இல்லாமல் படியேறி உள்ளே போனான். தபால்காரர் தலையை ஆட்டி யோசித்தார். வாட்ச் கடைக்காரர் தன் வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே, அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்.