ஏழாம் எண்ணில் வெளிநடப்பு

எங்கள் மாநகராட்சியில் மேயர் மாறுவார், ஆணையர் மாறுவார், சுவரின் நிறம்கூட மாறும். ஏழாம் எண் தீர்மானம் வாசிக்கப்பட்டதும் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து வெளியே போவது மட்டும் மாறாது. பதினோரு வருடமாக மாதம் தவறாமல் பார்த்தவன் சொல்கிறேன். குடிநீர் வரிப் பிரிவில் ஓய்வு பெற்ற மறுநாளே பார்வையாளர் மாடத்தின் இடது ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தவன், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. "சம்பளம் குடுத்தப்போ பாதி நாள் லீவு, இப்ப ஓசியில ஒரு நாள் தவறமாட்டேங்கறீங்க" என்பாள் என் மனைவி.

ஏன் ஏழாம் எண்? பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் பதினொன்றேகாலுக்கு வரும், பதினொன்றரைக்கு வேறு இடம் போய்விடும். செயலர் தீர்மானங்களை வாசிக்கும் வேகத்துக்கு, ஏழாம் எண் மிகச்சரியாகப் பதினொன்று இருபதுக்கு வரும். அவர் வாசிப்பதைக் கேட்டால் ஏதோ ரயில் எந்த நிலையத்திலும் நிற்காமல் போவதுபோல இருக்கும். முற்றுப்புள்ளி என்று ஒன்று உண்டென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏழு என்றதும் தலைவர் எழுவார். "இந்த அராஜகத்தைக் கண்டித்து" என்பார். பின்னால் பத்தொன்பது பேர் எழுவார்கள். கேமராக்கள் பளிச்சிடும். கீழே கேன்டீன்காரர் தலைக்கு மேல் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் இருபது கிளாஸ் டீ ஊற்றத் தொடங்குவார். எது அராஜகம் என்று யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஏழாம் எண், காலமான எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல். அதையும் கண்டித்து வெளியே போனார்.

இதை நான் இத்தனை காலம் ஒரு இலவசக் கச்சேரியாக ரசித்துக்கொண்டிருந்தேன். என் மச்சினி கவுன்சிலர் ஆன பிறகுதான் அது கச்சேரி இல்லை என்று புரிந்தது.

மச்சினி என் மனைவியின் கடைசித் தங்கை. மாலைச் சந்தையில் பன்னிரண்டு வருடம் பட்டன், ஊசி, நூல், ஜிப் விற்றவள். அந்தச் சந்தையில் இருநூறு பெண்கள் கடை போடுகிறார்கள். ஒரு கழிப்பறை கிடையாது. ஆகவே மதியத்துக்கு மேல் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே தேர்தலில் நின்றாள், அதைச் சொல்லியே ஜெயித்தாள், எதிர்க்கட்சி வரிசையில் கடைசியாகச் சேர்ந்து தலைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். சந்தை மூலையில் காலியாகக் கிடக்கும் மாநகராட்சி இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை என்று தீர்மானமும் கொடுத்தாள்.

சிக்கல் அங்கேதான். புதிய உறுப்பினர்களின் தீர்மானம் பதினாலாம் எண்ணுக்கு முன்னால் வராது. கொண்டுவந்தவர் அவையில் இல்லாவிட்டால் அது தள்ளுபடி. மூன்று முறை தள்ளுபடியானால் அந்த மன்றத்தின் காலம் முடியும்வரை மறுபடி கொண்டுவர முடியாது. ஏழாம் எண்ணில் தலைவர் கிளம்பினால் இவளும் கிளம்ப வேண்டும். அதுதான் கட்சிக் கட்டளை. முன்பு ஒருவர் எழாமல் உட்கார்ந்திருந்தார் என்று மறுநாளே கட்சியை விட்டு நீக்கினார்கள். பாவம், அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

இரண்டு முறை தள்ளுபடியாகிவிட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் போச்சுன்னா அவ்வளவுதான் மாமா. அதே இடத்துல மணிக்கூண்டு கட்டறதுக்கு ஆளுங்கட்சி பதினஞ்சாவது எண்ணுல தீர்மானம் வச்சிருக்காங்க. ராஜினாமா பண்ணிட்டு மறுபடி ஊசி விக்கப் போறேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டு சந்தைப் பொம்பளைங்க முன்னாடி நிக்கறது?"

"உட்கார்ந்திருந்தா மட்டும் நிறைவேறிடுமா? ஆளுங்கட்சி இருபத்திமூணு பேராச்சே" என்றாள் என் மனைவி.

"அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க நாலு பேர் கை தூக்கறேன்னு மாடிப்படியில வச்சு சொல்லியிருக்காங்கக்கா. எங்காளுங்க உட்கார்ந்தா போதும். தலைவர் அண்ணன்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு."

"அந்த மனுஷன் எழுந்திரிக்காம இருக்க, நாற்காலியில கோந்து தடவினாத்தான் உண்டு" என்றாள் மனைவி.

அப்போதுதான் என் பதினோரு வருடப் படிப்பு கைகொடுத்தது. என் இடது ஓர நாற்காலியிலிருந்து மேசைகளுக்கு அடியில் நாற்பத்துமூன்று ஜோடிக் கால்கள் தெரியும். மேலே பேசுவதெல்லாம் நாடகம், உண்மையான மன்றம் கீழேதான் நடக்கிறது. தலைவருக்குப் பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்திருக்கும். இரண்டாம் எண்ணில் வெள்ளைச் செருப்புகளைக் கழற்றிவிடுவார். ஏழாம் எண்ணில், கண்ணைக் கேமராவை விட்டு எடுக்காமலே காலால் துழாவி மாட்டிக்கொள்வார்.

சொன்னேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"பதினோரு வருஷம் மாநகராட்சிக்குப் போயி இதைத்தான் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

மச்சினி மட்டும் எழுந்துபோய், கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்து அதன் வளைந்த பிடியைத் தடவிப் பார்த்தாள். "ஒரு செருப்பு போதும் இல்ல மாமா?"

மறுநாள் நல்லவேளையாக மழை. குடையை யாரும் தடுக்கவில்லை. மன்றம் கூடியது. மேயர் வந்ததும் வராததுமாக "அமைதி, அமைதி" என்றார். யாரும் பேசியிருக்கவில்லை. அவருக்கு அது கொட்டாவி மாதிரி, தானாக வரும். செயலரின் ரயில் புறப்பட்டது. இரண்டாம் எண்ணில் செருப்புகள் கழன்றன. நான்காம் எண்ணில் மேசைக்கு அடியில் குடைப்பிடி மெல்ல எட்டிப் பார்த்தது.

முதல் வீச்சில் நாற்காலிக் கால் மாட்டியது. அவள் இழுக்க, தலைவர் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். மேயரை முறைத்தார். இரண்டாம் வீச்சு அவர் கணுக்காலை உரச, கொசு என்று நினைத்து மறுகாலால் தேய்த்துக்கொண்டார். ஆறாம் எண் பாதியில் இருந்தபோது வலது செருப்பின் வார் பிடிக்குள் விழுந்தது. கரை ஒதுங்கும் படகுபோல அது பின்னால் போயிற்று. அவள் குனிந்து பேனாவைத் தேடுவதுபோல எடுத்து, கோப்புப் பைக்குள், தன் நான்கு பக்கப் பேச்சுக்கு மேலேயே வைத்துக்கொண்டாள்.

"தீர்மான எண் ஏழு" என்றார் செயலர்.

தலைவர் எழுந்தார். "இந்த அராஜகத்தைக் கண்டித்து" என்றார். பத்தொன்பது பேரும் எழுந்தார்கள். இடது கால் செருப்புக்குள் போயிற்று. வலது கால் துழாவியது. முன்னே, பின்னே, பக்கத்தில். நடனம் கற்கும் ஆள் மாதிரி ஒரு அரை வட்டமே போட்டது. கேமராக்கள் காத்திருந்தன. ஒற்றைச் செருப்போடு நடந்தால் மறுநாள் முதல் பக்கத்தில் முகம் வராது, கால்தான் வரும். தலைவர் உட்கார்ந்தார். பத்தொன்பது பேரும் உட்கார்ந்தார்கள். கூச்சம் தாங்காமல் மறுபடி எழுந்தார். அவர்களும் எழுந்தார்கள். உட்கார்ந்தார். உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட டிரில் வகுப்பு தோற்றது.

கண்டித்து என்று தொடங்கிய வாக்கியத்தை எப்படியாவது முடித்தாக வேண்டுமே. "கண்டித்து... ஒரு கேள்வி கேட்கிறேன்" என்றார்.

மேயர் வாய் திறந்தபடியே இருந்தது. வழக்கமான 'அமைதி'கூட வரவில்லை. "கேள்வியா? நீங்களா? எதைப் பத்தி?"

அது தலைவருக்கும் தெரியாது. பக்கத்து உறுப்பினரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஏழாம் எண்ணை வாசித்தார். "குப்பைத் தொட்டிகளுக்கு அறுநூறு மூடி வாங்கறோம்னு போட்டிருக்கு. நம்மகிட்ட எத்தனை தொட்டி இருக்கு?"

அதிகாரிகள் பக்கம் காகிதங்கள் புரண்டன. "இருநூத்தி நாப்பதுங்க."

"அப்ப மிச்ச மூடியை எங்க போடுவீங்க?"

மாடமே சிரித்தது. தலைவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். சிரிப்பை அவர் இதற்குமுன் உள்ளேயிருந்து கேட்டதில்லை. வேடிக்கை நின்றதும் கேமராக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர் கவனிக்கவே இல்லை. பக்கத்தைப் புரட்டினார். அதன் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

எட்டாம் எண்ணில் பூங்கா நீரூற்றைப் பழுதுபார்ப்பது. "அந்தப் பூங்காவுல நீரூற்று எங்க இருக்கு? நான் தினமும் அங்கதான் நடக்கறேன்." ஒன்பதில் ஒரு கேள்வி, பத்தில் நாலு. பதினொன்று, துணை மேயர் வெளிநாட்டுச் சாக்கடைகளைப் பார்வையிடச் செல்வது. "நம்ம சாக்கடையை முதல்ல பார்த்தாரா?" பதினோரு வருடம் அடக்கி வைத்த கேள்விகளெல்லாம் அணை உடைந்தது மாதிரி வந்தன. மணி ஒன்றைத் தாண்டியது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

"அண்ணே, வழக்கம்போல வெளிய போயி டீ சாப்பிட்டு வாங்களேன்" என்று ஆளுங்கட்சிக் கொறடாவே எழுந்து கெஞ்சினார்.

"ஏன், கேள்வி கேட்டா கசக்குதா? உட்காரு தம்பி. பதிமூணு என்ன? மேயர் அறைக்கு ஊஞ்சல். சரி. ஆடறது யாரு, ஆட்டி விடறது யாரு? அதுக்கு ஒரு பணியிடம் உண்டா?"

கொறடாவுக்குப் பொறுமை அறுந்தது. "இது கேள்வி இல்ல, கொலை! இந்த அராஜகத்தைக் கண்டித்து ஆளுங்கட்சி வெளிநடப்புச் செய்கிறது!"

அவருக்கே புரிவதற்குள் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு பேர் தபதபவென்று எழுந்தார்கள். பாவம், அனுபவம் இல்லை. பாதிப்பேர் ஒரு கதவுக்கு, பாதிப்பேர் இன்னொன்றுக்கு. ஆறு பேர் பழைய கோப்பு அறைக்குள் போய்விட்டு வெட்கத்தில் அங்கேயே நின்றார்கள். கை தூக்குவதாகச் சொன்ன நாலு பெண்களும் கூட்டத்தோடு போவதைப் பார்த்து மச்சினியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என்னை அண்ணாந்து பார்த்தாள். காலியான ஆளுங்கட்சி நாற்காலிகளை நான் விரல்களால் எண்ணிக் காட்டினேன். எதிர்க்க யாருமே இல்லை என்பது அவளுக்குப் பளிச்சென்று விளங்கியதை, மாடத்திலிருந்தே கண்டேன்.

தலைமை நாற்காலியை விட்டு எழ முடியாததால் மேயர் மட்டும் தனியாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். செயலரின் ரயிலுக்குத்தான் நிற்கத் தெரியாதே. அவர் பாட்டுக்கு ஊஞ்சலைத் தள்ளிவைத்துவிட்டு, "தீர்மான எண் பதினாலு, மாலைச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை, கொண்டுவந்தவர் அவையில் உள்ளார், ஆதரிப்போர்" என்று ஓட்டினார். தலைவர் கை உயர்ந்ததோ இல்லையோ, பத்தொன்பது கைகள் உயர்ந்தன. எதிர்ப்போர் என்றபோது மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று மேயர் செயலரைக் கேட்டார். ஒலிபெருக்கி அணைக்கப்படாததால் ஊருக்கே கேட்டது.

"நிறைவேறியதுன்னு சொல்லணுங்க. இடம் போயிட்டதால அடுத்து மணிக்கூண்டும் தானா விழுந்துடும்."

"நிறைவேறியது" என்றார் மேயர், பல்வலிக்காரர் குரலில்.

மேசைக்கு அடியில் வெள்ளைச் செருப்பு மெல்ல முன்னால் வந்து வலது காலைத் தொட்டது. கால் அதற்குள் போய் அமர்ந்தது. இனி அவர் போகலாம். கதவைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "பதினாறு என்ன?" என்றார்.

"ஒரு நிமிஷம். நான் பேசணும்" என்று மச்சினி எழுந்தாள்.

"அதான் நிறைவேறிடுச்சேம்மா!" என்றார் மேயர்.

"நிறைவேறட்டுங்க. எட்டு மாசமா எழுதி வச்சிருக்கேன். பேசிட்டுத்தான் உட்காருவேன்."

நான்கு பக்கமும் வாசித்தாள். எந்தக் கடைக்காரிக்குச் சிறுநீரகத்தில் கல், எவள் கர்ப்பமாக இருந்தபோது கடையை மூடிவிட்டு அரை மைல் நடந்தாள், எவள் மகளைச் சந்தைக்கே வரவிடுவதில்லை என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். கொசுவத்திப் புகை மாதிரி எங்கும் பரவியிருந்த கொட்டாவி நின்றது. செயலர்கூட மூச்சு விட்டார். கோப்பு அறைக் கதவு இடுக்கில் ஆறு தலைகள் தெரிந்தன.

அவள் உட்கார்ந்ததும் தலைவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதுக்கு நம்ம கட்சி ஆதரவா, எதிர்ப்பா?" என்றார்.

"ஆதரவுதான்ணே. இப்பதான் கை தூக்கினீங்க."

"அது தெரியும். முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? போன கூட்டத்துலயே முடிச்சிருப்பேனே."

"போன கூட்டத்துலயும் சொன்னேன்ணே. கேன்டீன்ல, டீ குடிக்கறப்போ."

தலைவர் கடன் வாங்கிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கதவு எத்தனை வைக்கறாங்க, தாழ்ப்பாள் எத்தனை வாங்கறாங்கன்னு அடுத்த மாசம் நானே கேட்கறேன். அந்தப் பயலுங்களை நம்ப முடியாது" என்றார்.